நின்ற இருதயமும் சிறப்பு வைத்தியசாலையும்

நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கும் மனித இருதயம், சடுதியாக நின்றுவிடுதலும் உண்டு. இதனை மாரடைப்பென்றே பலர் கூறுவர். அது முற்றும் பொருந்தாது. மாரடைப்பென்பது இருதயத் தசைக்கு இரத்தங் கொண்டு செல்லும் நாடி அடைபடுதல். அந்நோயாளி நினைவோடிருந்து தம் நெஞ்சுநோவை எடுத்துரைத்தல் கூடும். இருதயம் நின்றுபோதலோ, இரத்தவோட்டமே ஒழிந்து, சில வினாடிகளில் நினைவு தப்பும் நிலையாகும். முன்னையது பின்னையதற்கு முக்கிய காரணம். ஆயினும் அஃதொன்றே காரணமன்று.

வைத்தியசாலைக்கு வெளியே இவ்வாறு வீழ்ந்தோரை மீட்கும் முறைகள் அண்மைக் காலத்தனவே. 1960இல் அமெரிக்க நாட்டின் பால்ற்றிமோர் நகரில் கௌவன்ஹோவன், யூட், நிக்கர்பொக்கர் என்னும் மூவர், மார்பை வெளியிலிருந்து அழுத்தியே இரத்தத்தை ஓடச் செய்யலாமென வெளியிட்டனர். 1966இல் பெல்பாஸ்ற் நகரில் வைத்தியர் பான்றிட்ஜ், மின்னதிர்ச்சிக் கருவியை அம்புலன்சில் ஏற்றி நோயாளியிருக்கும் இடத்துக்கே அனுப்பினார்.

இருதயம் மீண்டும் துடித்ததும் ஆபத்து நீங்கிற்றென எண்ணுதல் தவறு. பிராணவாயு பெறாதிருந்த மூளை ஊறுபட்டிருக்கும், இருதயம் தளர்ந்திருக்கும், இரத்த அழுத்தம் வீழும், காய்ச்சலும் தோன்றும். ஆதலின் சுவாச யந்திரம், இருதய நாடிகளைப் படம்பிடித்து அடைப்பு நீக்கும் கூடம், மூளைப் பரிசோதனை, தீவிர சிகிச்சையில் வல்லோர் ஆகிய யாவும் அல்லும் பகலும் ஓரிடத்தே அமைந்த சிறப்பு வைத்தியசாலைகள் எழுந்தன. அங்ஙனமாயின், அண்மையிலுள்ள வைத்தியசாலையைக் கடந்து, சிறப்பு வைத்தியசாலைக்கே நோயாளியைக் கொண்டு செல்லல் நன்றோ?

இவ்வினாவுக்கு விடைகாண இலண்டன் மாநகரில் 2018 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடைபெற்றது. நாடி அடைபட்டமை இருதய மின்பதிவில் தெளிவாகத் தோன்றியோர் இதிற் சேர்க்கப்பட்டிலர். அவர்களை உடனே சிறப்பு நிலையம் சேர்த்தல் முன்னரே நிலைபெற்ற முறை. அக்குறி தோன்றாத 862 பேரை, ஒரு பாதியினர் சிறப்பு வைத்தியசாலைக்கும் மறுபாதியினர் அண்மையிலுள்ளதற்கும் செல்லுமாறு குலுக்கல் முறையிற் பிரித்தனர். 2023இல் வெளிவந்த முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது: முப்பது நாளுள் இறந்தோர், இரு பிரிவிலும் நூற்றுக்கு 63 பேர்.

இதனாற் சிறப்புச் சிகிச்சை வீணென்று கொள்ளலாகாது. இலண்டனில் அண்மை வைத்தியசாலைகளும் நன்கு அமைந்தவை. பிற இடங்களுக்கு அம்முடிவை அப்படியே பொருத்தலும் ஆகாது. ஆயினும், வாசலை அடையுமுன்னரே மூளைக்கு நேர்ந்த ஊறு பெரிதாயின், உள்ளே எத்துணைச் சிறப்பிருந்தும் பயன் குறுகும் என்பது தெளிவு. வேறு ஆய்வுகளும் இவ்வடக்கத்தையே கற்பித்தன. 2002இல், உடலை 32 முதல் 34 பாகை வரை குளிர்வித்தல் நன்றெனக் கண்டனர். 2021இல் வெளியான பேராய்விலோ, 33 பாகைக்குக் குளிர்வித்தோரும், காய்ச்சல் வாராது காக்கப்பட்டோரும் ஒரே அளவிற் பிழைத்தமை புலனாயிற்று.

உறவினர் அறியவேண்டியது மற்றொன்றுண்டு. நினைவு திரும்பாதவரைக் குறித்து முதல் நாளிலேயே நம்பிக்கையிழத்தல் கூடாது. உறக்க மருந்துகளின் மயக்கமும் நீடிக்குமாதலால், மூளையின் நிலைபற்றி முடிவு கூறுதற்குக் குறைந்தது 72 மணித்தியாலங்களாவது பொறுத்தல் வேண்டுமென்பது வைத்தியர் விதி.

எனவே, மிகப் பெரிய வைத்தியம் முதற்கண் அருகில் நிற்பவர் கையிலேயே உள்ளது. மார்பழுத்தலும் மின்னதிர்ச்சியுமின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகின்றது. அழைத்தும் உணராது, இயல்பாக மூச்சு விடாது கிடப்பவரைக் கண்டால், உடனே 1990 என்னும் இலக்கத்துக்கு அழைப்பித்து, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை, ஐந்து முதல் ஆறு சதமமீற்றர் ஆழம் அழுத்துக. இடையிடையே எழும் விக்கலொத்த மூச்சை உயிர்ப்பென்று மயங்கற்க.

இதனைக் கற்கச் சில மணித்தியாலங்களே போதும். பழைய மாணவரும் ஆசிரியரும் இன்றைய மாணவரும் ஒருங்கே கூடும் இவ்விழாக் காலத்தில் அப்பயிற்சிக்கும் ஒரு நாளை ஒதுக்குவோமாயின், அதன் பயனை நம் அயலவர் ஒருவர் ஒருநாள் பெறுதல் கூடும்.