பழுதுற்ற வீடியோ விளையாட்டுப் பெட்டி: மாற்றுமுன் அறிய வேண்டியவை



தந்தையோ சிற்றப்பாவோ சிறுவராக இருந்தபோது விளையாடிய வீடியோ விளையாட்டுப் பெட்டி இன்றும் பல இல்லங்களில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. விடுமுறை நாளில் அதனை இறக்கித் தூசு தட்டி இணைத்தால் படம் வருவதில்லை. "கெட்டுவிட்டது; வேறு வாங்குவோம்" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் ஈட்டிய பணத்தைச் செலவிடுமுன், எது பழுது என்பதை நாம் ஆராய்ந்தறிதல் வேண்டும்.

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் 'ஃபேமிகாம்' என்னும் பெட்டியை வெளியிட்டது. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் மசாயுக்கி உயெமுரா என்னும் பொறியியலாளர். வெறும் 2 கிலோபைட் பணி நினைவகத்தைக் கொண்டே அது உலகச் சிறுவர்களை மகிழ்வித்தது. அதே அமைப்பைப் பின்பற்றித் தைவானில் செய்யப்பட்ட 'மைக்ரோ ஜீனியஸ்' பெட்டிகள் மலேசிய இல்லங்கள் பலவற்றில் இடம்பெற்றன. நிண்டெண்டோ நிறுவனம் 2003-இல் ஃபேமிகாம் உற்பத்தியை நிறுத்தியது. உதிரிப் பாகங்கள் கிடைக்காமையால் 2007-இல் பழுது பார்க்கும் பணியையும் நிறுத்திக்கொண்டது. எனவே, நாமே குறையைக் கண்டறிய வேண்டியவர்களாக உள்ளோம்.

முதலாவது: மின்சாரம்

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் நாட்டிலோ அதனினும் இருமடங்குக்கு மேல். ஜப்பானிய அடாப்டரை நம் சுவரில் நேரே செருகினால் அது சூடேறிக் கருகும், தீப்பற்றவும் கூடும். அடாப்டர் கருகியதாலேயே பெட்டியும் கெட்டுவிட்டது என்று கொள்ளலாகாது. பல வேளைகளில் பெட்டி நலமாகவே இருக்கும்.

வேறு அடாப்டர் வாங்கும்போது முனை பொருந்தினால் மட்டும் போதாது. ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் நேர்மின்சாரம். அதன் முனையின் நடுப்பகுதி எதிர்மின் முனையாக இருத்தல் வேண்டும். அமெரிக்காவில் விற்கப்பட்ட நிண்டெண்டோ பெட்டியின் அடாப்டரோ 9 வோல்ட் மாறுமின்சாரம் தருவது. அதனை இதில் செருகினால் நல்ல பெட்டியும் பாழாகும். ஆதலால், பெட்டியின் அடியில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்து, சிரிம் முத்திரையுள்ள அடாப்டரையே வாங்குதல் நலம்.

இரண்டாவது: தொடுமுனைகள்

ஃபேமிகாம் வகைக் கேசட்டின் அடியில் 60 உலோகத் தொடுமுனைகள் உள்ளன. நம் நாட்டு ஈரக் காற்றில் அவை மங்கி அழுக்கேறும். அப்போது படம் சிதறும். அல்லது திரை வெறுமையாகும். கேசட்டை வாயால் ஊதும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஊதும்போது எச்சில் ஈரம் உலோகத்திற் படிந்து அரிப்பை மிகுவிக்கிறது. பஞ்சுக் குச்சியில் மருந்துக் கடை ஆல்கஹாலைச் சிறிது நனைத்துத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் செருகுவதே முறை. வேறொரு கேசட்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். அது ஓடினால் குறை முதற் கேசட்டில்தான், பெட்டியில் அன்று.

மூன்றாவது: திரை

2019-ஆம் ஆண்டில் நம் நாட்டில் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. அதனால் பழைய விளையாட்டுப் பெட்டி பயனற்றுப் போயிற்று என எண்ண வேண்டா. அது தன் சமிக்ஞையைத் தானே உண்டாக்குகிறது. அச்சமிக்ஞையை ஏற்கும் வசதி தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்தால் போதும். ஜப்பானிய முறையும் மலேசியாவின் பால் முறையும் வேறாதலால், சில தொலைக்காட்சிகளில் படம் வண்ணமின்றித் தோன்றும்; அல்லது உருளும். மஞ்சள் நிறத் துளை இல்லாத புதிய தொலைக்காட்சிகளுக்கு, எச்.டி.எம்.ஐ. இணைப்பாக மாற்றித் தரும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது.

இம்மூன்றும் சரியாக இருந்தும் பெட்டி இயங்காவிடில், குறை உள்ளே இருக்கலாம். முதுமையால் கெட்ட மின்தேக்கியோ விடுபட்ட ஈயப் பற்றோ காரணமாகலாம். இவற்றைத் தேர்ந்தவர் சரிசெய்ய இயலும். கோலாலம்பூர், புடு வட்டாரத்து ஜாலான் பாசார் மின்னணு உதிரிப் பாகக் கடைகளுக்குப் பெயர்பெற்றது. கிள்ளானிலிருந்து கே.டி.எம். இரயிலில் வருவோர், பிரிக்பீல்ட்ஸை அடுத்த கே.எல். சென்ட்ரலில் இறங்கி அங்குச் செல்லலாம். மாணவர்கள் எப்பெட்டியையும் தாமே திறத்தல் கூடாது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியினுள் மின்தொடர்பைத் துண்டித்த பின்னரும் உயிர் பறிக்கும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

மாற்றியே தீர வேண்டுமாயின்

கையில் உள்ள கேசட்டை உடன் கொண்டு செல்லுங்கள். ஃபேமிகாம் வகைக்கு 60 தொடுமுனைகள். அமெரிக்க, ஐரோப்பிய வகைக்கு 72. ஒன்றன் கேசட் மற்றதில் நேரே பொருந்தாது. 2016-இல் வெளிவந்த சிறிய நிண்டெண்டோ பெட்டியில் 30 ஆட்டங்கள் உள்ளேயே அமைந்துள்ளன. பழைய கேசட்டை அதில் செருக இயலாது. "ஆயிரக்கணக்கான ஆட்டங்கள்" என்று எழுதியிருப்பதைக் கண்டும் மயங்க வேண்டா. அவற்றுட் பலவற்றில் சில ஆட்டங்களே வேறு வேறு பெயர்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. கடையிலேயே ஓட்டிப் பார்த்துப் பணம் கொடுப்பதே அறிவுடைமை.

இறுதியாக ஒன்று. பயனற்ற பெட்டியைத் தோட்டத்து லயங்களின் பின்புறம் குப்பையோடு எரிக்கலாகாது. பழைய பற்றுகளில் ஈயம் உண்டு. பிளாஸ்டிக் புகையும் நச்சுடையது. அப்புகையை முதலில் சுவாசிப்போர் அருகில் விளையாடும் நம் குழந்தைகளே. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் அதனை ஒப்படைப்பது நம் கடமையாகும்.

மாணவர்களே! ஒரு பொருள் இயங்கவில்லை என்றவுடன் அதனை எறிந்துவிடாமல், மின்சாரமா, தொடுமுனையா, திரையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பெரியோர் துணையுடன் விடை காணுங்கள். காரணம் தேடும் அப்பழக்கமே அறிவியலின் முதற்படி. அது பெற்றோரின் உழைப்பையும் காக்கும். உங்கள் அறிவையும் வளர்க்கும்.