கூரை காகிதம்... பேய் ஒரிஜினல்!

பி.காம். படித்தவன் கதை எழுதினால் பேரேட்டு வாடைதான் அடிக்கும் என்று நண்பர்கள் கிண்டல் பண்ணியதால், என் முதல் பேய்க்கதையை 'மலையாளத்திலிருந்து தமிழாக்கம்' என்று போட்டு ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். பிரசுரமானது. ரூம்மேட் படித்துவிட்டு, "மலையாளக் கதைன்னா மலையாளக் கதைதாம்ப்பா... என்னமா மிரட்டறான்!" என்றான். எழுதியது நான்தான் என்றதும் ஒரு நிமிஷம் யோசித்து, "அதானே... நடுவுல லாஜிக் இடிச்சுதே" என்றான்.

இதே அவமானம் 1765-ல் இங்கிலாந்தில் ஒரு பெரிய மனிதருக்கு நடந்திருக்கிறது. ஹொரேஸ் வால்போல். அந்த நாட்டின் முதல் பிரதமர் என்று சொல்லப்படுபவரின் மகன். எம்.பி. வேறு. லண்டனை ஒட்டிய ட்விக்கன்ஹாமில் ஒரு சின்ன வீட்டை வாங்கி, பழங்காலக் கோட்டை மாதிரி இழைத்து இழைத்துக் கட்டினார். நீள ஹாலின் கூரையைப் பார்த்தால் கல்லில் செதுக்கியது மாதிரி இருக்கும். தட்டிப் பார்த்தால் காகிதக்கூழ்!

1764 ஜூனில் அவருக்கு ஒரு கனவு. பெரிய மாடிப்படி... உச்சிக் கைப்பிடியில் இரும்புக் கவசம் மாட்டிய ராட்சசக் கை. அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தவர், இரண்டே மாதத்தில் 'ஒட்ரான்டோ கோட்டை'யை முடித்துவிட்டார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை மேல் பிரம்மாண்டமான ஹெல்மெட் விழுந்து நசுக்குவதில் ஆரம்பம். (ஹெல்மெட்டால் உயிர் போன ஆசாமி, எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான்.)

ஊர் சிரிக்குமே! 1529-ல் நேப்பிள்ஸில் அச்சான இத்தாலியப் புத்தகம், மொழிபெயர்ப்பு வில்லியம் மார்ஷல் என்று ஒரு கற்பனைப் பெயரைப் போட்டு 500 பிரதி வெளியிட்டார். சில மாதத்தில் காலி. 'மன்த்லி ரிவ்யூ' பத்திரிகை பாராட்டியது. தைரியம் வந்து, இரண்டாம் பதிப்பில் உண்மையை ஒப்புக்கொண்டு, 'காதிக் கதை' என்று துணைத் தலைப்பும் கொடுத்தார். (கதர்க்கடை சமாசாரம் இல்லை, இடைக்காலப் பாணிக்கு அப்படிப் பெயர்.) அதே பத்திரிகை அடித்தது பல்டி! இருண்ட காலத்து ஆசாமி உளறினால் மன்னிக்கலாம், இந்தக் காலத்துப் படித்தவர் உளறலாமா என்று வெளுத்து வாங்கிவிட்டது. கதை அதே கதைதான் சார்.

வாசகர்கள் விடவில்லை. 30 வருஷத்தில் அது ஒரு தொழிலாகவே ஆனது. 1794-ல் ஆன் ராட்கிளிஃப் என்ற பெண்மணி 'உடால்ஃபோ மர்மங்கள்' நாவலுக்கு வாங்கியது 500 பவுண்டு. (காமர்ஸ் புத்தி... தொகைதான் முதலில் கண்ணில் படுகிறது.)

1818-ல் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. எழுதிய மேரி ஷெல்லிக்கு வயது 20. அதற்கும் விதை, அரைத்தூக்கத்தில் கண்ட காட்சிதான். அதுவும் 500 பிரதி. அதிலும் பெயர் இல்லை. வால்டர் ஸ்காட் மாதிரி ஜாம்பவானே, எழுதியது கணவர் ஷெல்லி என்று நினைத்துத்தான் விமர்சனம் எழுதினார். 1823-ல் வந்த அடுத்த பதிப்பில்தான் மேரியின் பெயர் ஏறியது.

என் அடுத்த கதை முடிந்து நாலு நாளாகிறது. பெயர் போடும் இடம் மட்டும் இன்னும் காலி.