பொதுச் சொற்கள் எத்தனை?

மைசூரில் வாழும் தமிழ்க் குழந்தைகள் வீட்டில் 'பால்' என்பர். கடைத்தெருவில் அதனையே 'ஹாலு' என்பர். பழங்கன்னடத்தில் இச்சொல் பகரத்திலேயே தொடங்கியது. பிற்காலத்தில் அப்பகரம் ஹகரமாகத் திரிந்தது. புலியைக் கன்னடத்தில் 'ஹுலி' எனவும், பத்தினை 'ஹத்து' எனவும் வழங்குவது இதனாலேயே.

1961ஆம் ஆண்டு பரோ, எமனோ என்னும் அறிஞர் இருவர் திராவிட மொழிகளுக்கு வேர்ச்சொல் அகராதி ஒன்றை வெளியிட்டனர். அதில் ஒரே மூலத்தைச் சேர்ந்த பல மொழிச் சொற்கள் ஒரே எண்ணின்கீழ்த் தொகுக்கப்பட்டுள்ளன. ஆகவே பால், ஹாலு என்பன வடிவில் இரண்டு, எண்ணும்போது ஒன்று.

இனி, இரு பட்டியல்களைக் காண்போம்.

தமிழ்: பால், மீன், பால், மரம், மலை
கன்னடம்: மீனு, ஹாலு, மீனு, மர, மீனு

இவற்றுள் பொதுவானவை எத்தனை? தமிழ்ப் பட்டியலைக் கொண்டு எண்ணினால் பால், மீன், பால், மரம் என நான்கு. கன்னடப் பட்டியலைக் கொண்டு எண்ணினால் ஐந்து. ஒரு வினாவிற்கு இரு விடைகள் வரலாமா? திரும்ப வந்த சொல்லைத் திரும்ப எண்ணியதே இதற்குக் காரணம். ஒரு சொல் எத்தனை முறை வரினும் ஒருமுறையே எண்ணுதல் வேண்டும். அவ்வாறு எண்ணினால், எப்பட்டியலிலிருந்து தொடங்கினும் விடை மூன்றே.

கணினி அறிவியலில் 'நிபந்தனை நிரலாக்கம்' என்றொரு துறை உண்டு. அதில் தீர்வு காணும் வழியைப் படிப்படியாகக் கூறுவதில்லை. விடைக்குரிய நிபந்தனைகளை மட்டுமே கூறுவர். அவற்றிற்குப் பொருந்தும் விடையைக் கணினி தேடும். 'இரு பட்டியல்களுக்கும் பொதுவான வெவ்வேறு சொற்கள் நான்கு இருத்தல் வேண்டும்' என்பது அத்தகைய நிபந்தனை. மேற்கண்ட கன்னடப் பட்டியலில் வெவ்வேறு சொற்கள் மூன்றே உள்ளன. ஆதலால் அதனோடு எந்தத் தமிழ்ப் பட்டியலை ஒப்பிட்டாலும் நான்கு கிடைக்காது. கணினி இதனை முன்னரே கண்டறிந்து, வீண் தேடலைத் தவிர்க்கும்.

மொழிகளை ஆராய்வதற்கென 1969ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் மைசூரிலேயே உள்ளது. இரு மொழிகளின் உறவை அளக்க விரும்புவோர் எவராயினும் எண்ணும் முறையில் கருத்தாக இருத்தல் வேண்டும். ஒரே சொல்லைப் பலமுறை எண்ணினால் உறவு மிகையாகத் தோன்றும். வடிவம் வேறென்று 'ஹாலு'வை விலக்கினால் குறைவாகத் தோன்றும். சரியாக எண்ணினால்தான் உண்மை புலப்படும்.

பயிற்சி

பின்வரும் பட்டியல்களுக்குப் பொதுவான வெவ்வேறு சொற்கள் எத்தனை? காரணத்துடன் எழுதுக.

தமிழ்: கண், பல், செவி, கண்
கன்னடம்: ஹல்லு, கண்ணு, ஹல்லு, மூகு