சேற்றுப்புண் வழியாக நுரையீரலுக்குப் போகும் கிருமி… தெரியுமா?

கோமுகி அணைத் தண்ணீர் பாய்ந்து வடக்கனந்தல், கச்சிராயபாளையம் பக்கம் நடவு தொடங்கிவிட்டால், சேற்றுப்புண் இல்லாத காலைப் பார்ப்பது அரிது. விரலிடுக்கு வெளுத்து, தோல் உரிந்து, தண்ணீர் பட்டாலே சுரீரென்று எரியும். மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் வயலில் இறங்கிவிடுவார்கள். அந்தச் சின்னப் புண் நிமோனியாவுக்கு வாசலாகிவிடலாம் என்பது தெரியுமா?

நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். வெப்ப நாடுகளின் ஈர மண்ணிலும் கலங்கல் தண்ணீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாதான் காரணம். புண் வழியாக மட்டுமா நுழைகிறது? அடைமழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது பறக்கும் நீர்த்துளியோடு மூச்சில் போகும். காய்ச்சாத தண்ணீரோடு வயிற்றுக்குள்ளும் போகும்! எந்த வழியில் போனாலும், நோய் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நுரையீரல்தான் பிடிபடுகிறது. 2004 சுனாமியில் நீரை விழுங்கி, மூச்சில் இழுத்துத் தப்பிய தாய்லாந்து மக்கள் சிலருக்கும் இதே நிமோனியா வந்தது.

இதை முதலில் கண்டுபிடித்தது யார் தெரியுமா? ரங்கூன் மருத்துவமனையில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும்! ஆண்டு 1911. பிரேதப் பரிசோதனை மேசையில், அதுவரை யாரும் அறியாத கிருமி என்று அடையாளம் கண்டார்கள். நூறாண்டு கடந்தும் கிருஷ்ணசாமியின் பெயர் நம் பள்ளிப் பாடங்களில் இல்லாதது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

இந்தக் கிருமியின் பிடிவாதம் மலைக்க வைக்கும். உணவே இல்லாத வெறும் காய்ச்சி வடித்த நீரில், ஆய்வகத்தில் 16 ஆண்டு உயிரோடு இருந்திருக்கிறது! இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஓர் அமெரிக்க வீரரின் உடம்பில் 62 ஆண்டு பதுங்கியிருந்து, பிறகு வெளிப்பட்டது!

எங்கோ நடந்த கதை என்று நினைக்காதீர்கள். 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் சிகிச்சை நிலையத்துக்குப் போய்வந்த 10 பேருக்கு இதே கிருமி மூளையைத் தாக்கியது. 8 பேர் இறந்தார்கள். திறந்து வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்திய சலைன் பாட்டிலில் கிருமி இருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

இன்னொரு சங்கடம், இது காசநோய் வேஷம் போடும்! மாதக்கணக்கில் இருமல், காய்ச்சல், எடை குறைவு, எக்ஸ்ரேயில் நிழல். காசநோய் மாத்திரையை விழுங்கியும் குணமாகாமல் அலைகிறவர்கள் உண்டு. வழக்கமாகப் போடும் பென்சிலின், ஜென்டாமைசின் ஊசிகளுக்கும் இது மசியாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் மருந்தைக் குறைந்தது 10 முதல் 14 நாள் நரம்பில் ஏற்றி, அப்புறம் மூன்று மாதம் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை தரவேண்டும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.

யாருக்கு ஆபத்து அதிகம்? சர்க்கரை நோயாளிக்கு! குடிப்பழக்கமும் சிறுநீரகக் கோளாறும் அடுத்து.

ஆகவே, சர்க்கரை உள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, காலில் புண் இருந்தால் ஆறும்வரை சேற்றில் இறங்காதீர்கள். இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் ரப்பர் பூட்ஸ் போடுங்கள், கரையேறியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குடிநீரைக் காய்ச்சிக் குடியுங்கள். மழைக்காலத்தில் காய்ச்சலும் இருமலும் விடாமல் இருந்தால், “வயல் வேலை செய்கிறேன், சர்க்கரை இருக்கிறது, ரத்தமும் சளியும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புங்கள் டாக்டர்” என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.