குச்சி என்றால் வாய்

ஜப்பானிய முரசான தைக்கோவைக் கற்பிக்கும் வகுப்பின் முதல் பாடம் பெரும்பாலும் முரசின் பக்கம் போகாமலே தொடங்கும். பிள்ளைகள் வட்டமாக நிற்பார்கள். "டொன், டொன், டொக்கொ, டொன்" என்பார் ஆசிரியர். அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அடுத்து, சொல்லிக்கொண்டே தொடையில் தட்டுவார்கள். சொல் தடுமாறாமல் வந்த பிறகுதான் கோல் கைக்கு வரும். இந்த முறைக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'குச்சி ஷோகா'. குச்சி என்றதும் நமக்கு முரசு அடிக்கும் கோல்தான் நினைவுக்கு வரும். அவர்கள் மொழியிலோ 'குச்சி' என்றால் வாய். கோலுக்குப் பெயர் 'பச்சி'.

மிருதங்கத்துக்குச் சொற்கட்டு சொல்லிப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். 'டொன்' என்றால் தோலின் நடுவில் ஓங்கி ஓர் அடி. 'டொக்கொ' என்றால் அதே நேரத்துக்குள் இரண்டு அடி. 'க' விளிம்பில் விழும் வறண்ட ஓசை. 'ட்சு' மென்மையான தட்டல். 'சு' என்றால் அடியே கிடையாது, அது மௌனம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தச் 'சு'தான். புதிதாகக் கற்பவர் பெரும்பாலும் தவறுவது அடிக்க வேண்டிய இடத்தில் இல்லை, அடிக்கக் கூடாத இடத்தில்தான். கொஞ்சம் இடைவெளி வந்தாலே கை பரபரக்கும். அடுத்த அடி முந்திக்கொள்ளும். அந்த இடைவெளிக்கும் ஒரு சொல் வைத்து, அதை வாய்விட்டுச் சொல்ல வைத்துவிட்டால், வாய் முடிக்கும்வரை கை காத்திருக்கும். இரண்டு ஒலிகளுக்கு நடுவே இருக்கும் வெளியை ஜப்பானியர் 'மா' என்கிறார்கள். அதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பத்து வயதுக் குழந்தைக்குப் புரியாது. 'சு' என்று சொல்லத் தெரிந்தால் போதும், புரிந்துவிடும்.

கோவில் விழாக்களிலும் நாடக அரங்குகளிலும் தைக்கோ பல நூற்றாண்டுகளாக ஒலித்துவருகிறது. ஆனால் பல முரசுகள் சேர்ந்து மேடையில் முழங்கும் 'குமிதைக்கோ' வந்தது 1951-ல்தான். நாகானோ மாநிலத்தைச் சேர்ந்த தைஹச்சி ஒகுச்சி ஜாஸ் இசையில் டிரம் வாசித்தவர். பழைய தைக்கோ இசைக்குறிப்பு ஒன்று அவர் கைக்கு வந்தது. அதில் இருந்தபடியே எல்லோரும் ஒரே தாளத்தை அடிப்பது அவருக்குச் சப்பென்று பட்டது. ஜாஸ் டிரம் செட்டில் ஒருவர் செய்யும் வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். சிறிய முரசு தாளத்தைப் பிடிக்க, நடுத்தர முரசு சொல்லைச் சொல்ல, பெரிய முரசு அடிநாதமாக நிற்க, கூட்டு வாசிப்பு பிறந்தது. 1968-ல் செய்இச்சி தனாகா சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தைக்கோ பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலஸின் பௌத்தக் கோவில் ஒன்றில் உருவான கின்னாரா குழுவினர், மதுப் பீப்பாய்களில் தோலை இழுத்துக் கட்டித் தங்கள் முரசுகளைத் தாங்களே செய்துகொண்டார்கள்.

நன்றாக வாசிப்பவர் எல்லோருக்கும் நன்றாகக் கற்பிக்க வந்துவிடாது. தைக்கோவில் இது முதல் நாளே வெளிப்பட்டுவிடும். இடது காலை முன்வைத்து முழங்காலை மடக்கி, வலது காலைப் பின்னே நீட்டி, இடுப்பைத் தாழ்த்தி நிற்பது அடிப்படை நிலை. மாணவர்களுக்கு எதிரே நிற்கும் ஆசிரியர் அப்படியே நின்றால் அவர்கள் கண்ணுக்கு எல்லாம் இடம்வலம் மாறித் தெரியும். அதனால் அவர் கண்ணாடி பிம்பமாக மாற வேண்டும்: வலது கால் முன்னே, முதல் அடி இடது கையில். இருபது ஆண்டுகளாக உடம்பில் ஊறிய பாடத்தைத் தலைகீழாக்கி, அதே வேகத்தில், பேசிக்கொண்டே அடிக்க வேண்டும். கற்பிக்கக் கற்பவர் தனியே பழகும் பெரிய பயிற்சி இதுதான்.

அடுத்தது கண். ஒரு பிள்ளையின் ஓசை மங்கலாக வந்தால், கோலின் நுனியைப் பார்க்க வேண்டும். அடித்ததும் அது எழும்பாமல் தோலை அழுத்திக்கொண்டே இருக்கும். அங்கிருந்து மேலே போனால் இறுகிய ஆள்காட்டி விரல், அதற்கும் மேலே காதருகே ஏறிய தோள். "பலமாக அடி" என்றால் தோள் இன்னும் ஏறும். "கையைத் தூக்கு, பிறகு விழவிடு" என்றால் ஓசை திறக்கும். முரசை முழங்க வைப்பது கையின் எடைதான், முறுக்கு இல்லை.

இருபது பேருக்கு இருபது முரசு வாங்குவது எளிதில்லை. நாகாதோ வகை முரசு, பெரும்பாலும் கெயாக்கி என்னும் மரத்தின் ஒரே துண்டைக் குடைந்து, மாட்டுத்தோல் போர்த்தி, ஆணியடித்துச் செய்வது, விலை அதிகம். அதனால் அமெரிக்காவில் பல வகுப்புகளில் பழைய கார் டயர் ஒன்றின் மேல் பெட்டி ஒட்டும் அகல டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து ஒட்டி, அதில் அடித்துப் பழகுகிறார்கள். கோல் நன்றாக எம்பி வரும், காதும் தப்பும். உண்மையான முரசுகள் முழங்கும் மூடிய அறையில் காதடைப்பான் கட்டாயம்.

பிள்ளைகளைப் பெரிய முரசின் முன் நிறுத்தியதும் நான் பார்க்க விரும்புவது 'ஒரோஷி'. ஓர் அடி, நீண்ட காத்திருப்பு, மீண்டும் ஓர் அடி. இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து கடைசியில் மழைபோலப் பொழியும். எண்ணிக்கை கிடையாது. அடுத்தவர் கோல் எழுவதைப் பார்த்தும், மூச்சைக் கேட்டும்தான் சேர்ந்து அடிக்க முடியும். கூச்சப்படும் பிள்ளை கூட இங்கே "ஹா!" என்று வயிற்றிலிருந்து குரல் கொடுத்துவிடும்.

வகுப்பு முடிந்ததும் தரையைத் துடைத்து, முரசுக்கு உறை போடுவார்கள். முரசின் மேல் உட்காரக் கூடாது, சாயக் கூடாது என்பதும் பாடம்தான். அதோடு இன்னொன்றையும் ஆசிரியர் சொல்ல வேண்டும் என்பேன். ஜப்பானில் தோல் பதனிடும் வேலை நெடுங்காலம் ஒதுக்கிவைக்கப்பட்ட புராக்கு மக்களுடையது. முரசு விழாவில் போற்றப்பட்டது, தோல் பதனிட்ட கை தீட்டாகக் கருதப்பட்டது. பறையின் கதை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். முரசு செய்வதற்குப் பெயர்பெற்ற ஒசாக்காவின் நானிவா பகுதியில், அந்த மக்களின் இளைஞர்கள் 1987-ல் தாங்களே கோலெடுத்து ஒரு தைக்கோ குழுவைத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'இக்காரி'. சினம் என்று பொருள்.