ஆடு தொடாதது கரைக்கு, ஆடு தின்பது வரப்புக்கு



2016-ஆம் வருஷத்தை நம் பக்கத்து விவசாயிகள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்துப் போயிற்று. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் இண்டூர் வழியாகப் பென்னாகரம் போகிற சாலையில் பலமுறை போய் வந்தேன். தென்னை மட்டை தொங்கிப் போய் நின்றது. மாங்கன்றுகள் கருகின. ஆனால் ஓடைக்கரையில் புங்கன் தளிர் விட்டிருந்தது. யுகாதிக்கும் சித்திரைப் பிறப்புக்கும் வேண்டிய வேப்பம்பூவை வரப்பு வேம்பு அந்த வருஷமும் கொடுத்தது. கரட்டின்மேல் உசிலை பச்சை கட்டி நின்றது. இவற்றுக்கு யார் குடம் தூக்கித் தண்ணி ஊத்தினாங்க? ஒருத்தரும் இல்லை.

நம் மாவட்டத்தில் வருஷத்துக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை. கணக்குக்கு அது மோசமில்லை. ஆனால் சில நாளில் கொட்டிவிட்டுப் பல மாதம் காய்ந்து போகிறது. செம்மண் ஒரு முழம், ரெண்டு முழம். அதற்குக் கீழே பாறை. ஓடையில் நாலு நாள் வெள்ளம் ஓடும், பிறகு மணல்தான். அந்த வெள்ளம் நாகாவதியில் விழுந்து மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குப் போய்விடும். இந்தக் காய்ச்சலுக்கும் இந்த வெள்ளத்துக்கும் பழகி வந்தவை நம் நாட்டு மரங்கள். பாறை வெடிப்புக்குள் ஆணிவேரை இறக்கும். இலையைச் சிறிதாக வைத்துக்கொள்ளும், அல்லது காய்ச்சலில் உதிர்த்துவிடும். தண்ணீரை மிச்சம் பிடிக்கிற வித்தை அது.

சரி, எந்த மரத்தை எங்கே வைப்பது? இதற்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன். ஆட்டைக் கேளுங்கள்.

ஓடைக்கரைக்கு வேலி கிடையாது. ஊர் ஆடெல்லாம் அங்கேதான் மேயும். அங்கே ஆடு விரும்புகிற கன்றை நட்டால் ஒரு வாரம் தாங்காது. ஆகவே கரைக்கு ஆடு தொடாத செடி வேண்டும். புங்கன் இலையை ஆடு அவ்வளவாகக் கடிப்பதில்லை. நொச்சியைத் தொடாது. ஆவாரை, விராலி இவற்றையும் ஒதுக்கிவிடும். ஆடாதொடை என்கிற பேருக்கே ஆடு தொடாத இலை என்றுதானே நம் பெரியவர்கள் பொருள் சொல்கிறார்கள்! இருமலுக்குக் கஷாயம் வைக்கிற அதே செடிதான்.

கரையில் முதல் வரிசை, அதாவது தண்ணீர் உரசுகிற இடம், நொச்சிக்கு. போத்து வெட்டி ஊன்றினால் வேர் பிடிக்கும். புதராக வளைந்து கொடுக்கும், வெள்ளம் வந்தால் சாய்ந்து எழும். அதன் இலையைக் காயவைத்துத் தானியக் குதிரில் போடுகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். அதற்கு மேலே புங்கன், 15 அடிக்கு ஒன்று. புங்கன் வேர் பக்கவாட்டில் படர்ந்து கரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அவரை, துவரை இனத்தைச் சேர்ந்த மரம் ஆனதால் வேர் முண்டுகளில் காற்றுத் தழைச்சத்தைச் சேர்க்கிறது. தழையை வெட்டி நெல் வயலுக்கு மிதிக்கலாம். ஆனால் ஒன்று, புங்கன் நிழல் அடர்த்தி. அதன் அடியில் ராகி வராது. அதனால்தான் கரைக்கு என்கிறேன், வயல் நடுவுக்கு இல்லை.

ஓடை அகலமாகி ஈரம் நிற்கிற இடத்தில் நீர்மருது வையுங்கள். ஒகேனக்கல் பக்கம் காவிரிக்கரையில் வெளுத்த பட்டையோடு பருத்து நிற்கும் மரம் அதுதான். வேர் தண்ணீரைத் தேடிப் போய்க் கரையைக் கட்டிக்கொண்டு நிற்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் அந்த ஆற்றோரக் காடுகளைச் சேர்த்து 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்திருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர், பேர் வேண்டாம், ஓடையோரம் அஞ்சு சென்ட் நிலம் கூடும் என்று பொக்லைன் வைத்துக் கரையிலிருந்த புங்கனையும் நொச்சியையும் தள்ளிவிட்டார். ரெண்டு போகம் நன்றாகத்தான் எடுத்தார். மூன்றாம் வருஷம் ஐப்பசி வெள்ளம் ஒரே ராத்திரியில் கரையை அறுத்து, மேல்மண்ணோடு கடலைக்காட்டில் பாதியைக் கொண்டு போயிற்று. மிச்சத்தில் மணல் மேடு. அந்த மரங்களை வெட்டியதற்கு அவர் யாரையும் கேட்கவும் இல்லை. ஓடைப் புறம்போக்கில் நிற்கிற மரம் நமக்குப் பாத்தியம் இல்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

இனி வரப்புக்கு வருவோம். இங்கே ஆடு தின்பதுதான் லாபம், ஏனென்றால் ஆடும் நம்முடையது. ஆனால் முதலில் வேலி வேண்டும். கம்பி வேலி வாங்க வசதி எல்லாருக்கும் இல்லை. கிளுவைப் போத்தை ஆடி மழைக்கு முன்னால் நெருக்கி ஊன்றுங்கள். முள்ளோடு அடைத்துக்கொண்டு பல தலைமுறை நிற்கும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளை எட்டிப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல் மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். நம்மைவிட மழை குறைவான பூமியில் இந்த மூன்றை வைத்துத்தான் காங்கேயம் மாட்டை வளர்த்து வந்திருக்கிறார்கள்.

வெள்வேலும் உசிலையும் சின்ன இலை மரங்கள். நிழல் சல்லடை போல் விழும்; அடியில் சாமையும் ராகியும் ஓரளவு வரும். வெள்வேல் காயைக் கோடையில் ஆடு பொறுக்கித் தின்னும். புல் இல்லாத நேரத்துத் தீவனம் அது. உசிலைத் தழையைக் காயவைத்து இடித்தால் அரப்பு. தலைக்குத் தேய்க்க வீட்டுக்கும் ஆகும், சந்தைக்கும் ஆகும். கல்லாங்கரட்டில் ஒன்றும் வராது என்று விட்டுவைத்த இடம் இருந்தால் ஆச்சா வையுங்கள். நம் நாட்டு மரங்களிலேயே கனத்த கட்டை அதுதான். மெதுவாகத்தான் வளரும், பேரனுக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். தழை மாத்திரம் முன்பே மாட்டுக்குக் கிடைக்கும்.

"சீமைக்கருவேல்தான் சும்மா வருதே, அது போதாதுங்களா?" என்று கேட்பீர்கள். விறகுக்கும் கரிக்கும் அது உதவியதை நான் மறுக்கவில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். ஆடு காயைத் தின்று புழுக்கையில் விதைத்துக்கொண்டே போகும். தன் அடியில் வேறெதையும் எழவிடாது. ஓடை நடுவில் அடைத்துக்கொண்டால் வெள்ளம் கரைப்பக்கம் திரும்பும். எடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் கரை முழுக்க ஒரே நாளில் பிடுங்கி மொட்டையாக விட்டுவிடாதீர்கள். ஒரு துண்டு பிடுங்கி, அங்கே நொச்சியும் புங்கனும் நட்டு, அவை பிடித்த பிறகு அடுத்த துண்டு. வெட்டினால் போதாது, தூரோடு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு கிளையாகத் துளிர்க்கும்.

விதை விஷயத்தில் நான் ஒருமுறை ஏமாந்தேன். வேலைக்கு வந்த புதிது. முந்தின வருஷம் சேர்த்துக் கட்டிவைத்திருந்த வேப்பங்கொட்டையை ஐந்நூறு பையில் போட்டுத் தினமும் தண்ணீர் தெளித்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. காவலுக்கு இருந்த பெரியவர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பழசு முளைக்காதுங்க சாமி" என்றார். முதல் நாளே அவருக்குத் தெரியும், நான் கேட்கவில்லை! வேப்பங்கொட்டையின் உயிர் சில வாரம்தான். ஆனி, ஆடியில் பழம் உதிரும்போது பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி உடனே ஊன்றிவிட வேண்டும்.

புங்கன் காய் மாசியிலிருந்து முற்றும். தோலை உடைத்து விதையை அப்படியே ஊன்றலாம், இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். வெள்வேல் விதைக்கு ஓடு கெட்டி. அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரை விதைமேல் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். அதைவிடச் சுலபம், ஆட்டுப்பட்டியில் கிடக்கிற விதையைப் பொறுக்குவது. ஆட்டு வயிறு அந்த வேலையை முடித்திருக்கும். ஆச்சா எல்லா வருஷமும் நன்றாகக் காய்க்காது. காய்த்த வருஷத்தில் விட்டுவிடாமல் சேர்த்து, நட வேண்டிய குழியிலேயே விதையுங்கள். முதல் சில மாதத்திலேயே ஆணிவேர் நீண்டுவிடும். பையில் வைத்தால் வேர் சுருண்டு போகும்.

குழி ஒன்றரை அடி ஆழம் போதும். இப்போதே வெட்டி ஆறப்போட்டு, தொழு எருவும் மேல்மண்ணும் கலந்து வையுங்கள். சரிவான இடமானால் கன்றுக்குக் கீழ்ப்புறம் பிறை போல ஒரு சின்னக் கரை கட்டினால் மழைத் தண்ணீர் தேங்கி இறங்கும். சொந்தமாக விதை சேர்க்க முடியாதவர்கள் வனத்துறை நாற்றங்காலில் கன்று விசாரிக்கலாம். எந்த ஓடைக்கு எது பொருந்தும் என்று சந்தேகம் வந்தால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள். வரும்போது கரை மண் ஒரு பிடி கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்.