கொல்லைப்புறத்தில் ஒரு குளம்!

நீச்சல் குளம் உள்ள வீடு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சினிமாவில் வரும் பணக்கார அப்பாவின் பங்களாதானே! இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை எனக்கும் அப்படித்தான். அமெரிக்காவில், அரிஸோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் பக்கம் என் கணவருக்கு வேலை மாற்றலாகி வந்தோம். கோடையில் 43 டிகிரி வெயில் இங்கே சர்வ சாதாரணம். அதனால், நம் ஊரில் கொல்லையில் கிணறு இருக்கிற மாதிரி, நடுத்தரக் குடும்பத்து வீடுகளில்கூடக் குளம் இருக்கிறது. நாங்கள் வாங்கிய வீட்டிலும் ஒன்று இருந்தது.

ஊரிலிருந்து அத்தை ஃபோனில் கேட்டார்: "ஏம்மா, குழந்தைங்க இருக்கிற வீடுன்னு கிணத்தையே மூடின குடும்பம் நாம. அங்கே போய்க் குளத்தோட வீடு வாங்கியிருக்கீங்களே?"

"அதெல்லாம் வேலி போட்டிருக்கு அத்தை" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

குளம் 30 அடி நீளம், 15 அடி அகலம். ஒரு பக்கம் மூன்றரை அடி, மறுபக்கம் ஆறரை அடி ஆழம். ஏறக்குறைய 64,000 லிட்டர் தண்ணீர். நம் ஊர் 12,000 லிட்டர் லாரி ஐந்து வந்தாலும் நிரம்பாது! பழைய வீட்டுக்காரர் ஒரு பெட்டி நிறைய பாட்டில்களையும், தண்ணீரைச் சோதிக்கிற சின்னக் கண்ணாடிக் குழாய்களையும் விட்டுப் போயிருந்தார். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் அது பாட்டுக்கு இருக்கும் என்பது என் நினைப்பு.

பச்சைத் தண்ணீர்

ஜூலை மாதம் பத்து நாள் வெளியூர் போனோம். 'யாரும் இல்லாத வீட்டில் கரண்ட் எதற்கு வீண்?' என்று மோட்டாரை நிறுத்திவிட்டுப் போனது நான்தான். திரும்பி வந்து பார்த்தால், கீரை கடைந்து ஊற்றிய மாதிரி இருந்தது குளம்!

காரணம் பிற்பாடுதான் புரிந்தது. கிருமியையும் பாசியையும் கொல்வது குளோரின். ஆனால் சுள்ளென்ற வெயில் பட்டால், பாதுகாப்பில்லாத குளோரின் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் அழிந்துவிடும். மோட்டாரும் ஓடாததால் தண்ணீர் வடிகட்டி வழியாகப் போகவில்லை. வெயில், தேங்கிய நீர், குளோரினும் இல்லை. பாசிக்கு வேறென்ன வேண்டும்?

அந்த நான்கு நிமிஷம்

மறுநாள் காலை, தேய்த்துக் கழுவலாம் என்று பக்கெட்டும் பிரஷ்ஷுமாகக் கிளம்பினேன். குளத்து வேலிக் கதவு விட்டால் தானே மூடிக்கொள்ளும். போக வரத் தொந்தரவாக இருக்கிறதே என்று ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்தேன். நடுவில் அடுப்பில் பால் ஞாபகம் வந்து உள்ளே ஓடினேன். பாலை இறக்கிவிட்டுத் திரும்பினால், இரண்டரை வயது மகளைக் காணோம்.

"குட்டி... குட்டிம்மா..." பதில் இல்லை. படுக்கையறை, பாத்ரூம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் திறந்து கிடந்த வேலிக் கதவு நினைவுக்கு வந்தது. ஓடினேன். குளத்தில் ஒரு சலனமும் இல்லை. ஆனால் அந்தப் பச்சைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே! எனக்கு நீச்சலும் தெரியாது. இலை அரிக்கும் நீளக் கம்பை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினேன். அந்தக் கம்பில் எதுவும் தட்டுப்படக் கூடாதே என்று நான் வேண்டாத தெய்வமில்லை.

"அம்மா, பாப்பா இங்கே தூங்குறா!" என்று ஒன்பது வயது மகன் குரல் கொடுத்தான். துணி அலமாரிக்குள், மடித்து வைத்த போர்வை மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மொத்தம் நான்கு நிமிஷம் இருக்கும். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றுதான் ஒன்று உறைத்தது. குளத்து நீர் பளிங்காக இருப்பது அழகுக்காக இல்லை, அடித்தரை தெரிவதற்காக!

தண்ணீருக்கும் நாடி உண்டு

அன்று மாலையே அந்தப் பெட்டியைத் திறந்தோம். இப்போது வாரம் இரண்டு முறையாவது நாடி பார்க்கிறேன். குழாயில் நீர் பிடித்து, மருந்து ஐந்து சொட்டு விட்டால் நிறம் மாறும். அதை அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட வேண்டும். பத்து லட்சம் பங்கு நீரில் 2 முதல் 4 பங்கு குளோரின் இருக்க வேண்டும். அமிலத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவு 7.2-லிருந்து 7.8-க்குள் நிற்க வேண்டும். கூடினால் குளோரின் சோம்பேறியாகிவிடும். குறைந்தால் கண் எரியும், உலோகம் அரிக்கும்.

வெயிலிலிருந்து குளோரினுக்குக் குடை பிடிப்பது சயனூரிக் அமிலம் என்ற பொருள். இது 30 முதல் 50 பங்கு போதும். கடையில் விற்கும் குளோரின் மாத்திரைகள் பலவற்றில் இது ஏற்கெனவே கலந்திருக்கிறது. மாத்திரையையே போட்டுக்கொண்டிருந்தால் அளவு ஏறி, குளோரின் இருந்தும் வேலை செய்யாது. அப்புறம் பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டிப் புதுத் தண்ணீர் விடுவதைத் தவிர வழியில்லை.

பச்சையைப் போக்க ஐந்து நாள் பிடித்தது. சுவரெல்லாம் தேய்த்து, பி.ஹெச்.சைக் குறைத்து, வெயில் தாழ்ந்த பிறகு குளோரினை அதிகமாக ஊற்றி, இரவு பகலாக மோட்டாரை ஓடவிட்டோம். மணல் வடிகட்டியின் அழுத்தமானி வழக்கத்தைவிட எட்டுப் பத்துப் புள்ளி ஏறினால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். நீரை எதிர்த் திசையில் விட்டு அலச வேண்டும். பச்சை போய், பால் கலந்த மாதிரி ஆகி, ஆறாம் நாள் காலையில் ஆழத்தில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரிந்தது. அப்பப்பா!

இன்னொரு விஷயம். 'குளோரின் வாடை தூக்குகிறது, தண்ணீர் சுத்தம்' என்று நினைத்திருந்தேன். தப்பு! வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்வதால் வருவதே அந்த நெடி. குளித்துவிட்டு இறங்கினால் பாதி வராது. வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையை இறக்கவே கூடாது.

இவை இரண்டும் சேரக் கூடாது

பி.ஹெச்.சைக் குறைக்க விடுவது நம் பாத்ரூம் கழுவும் ஆசிட் வகைதான். ஆசிட்டும் குளோரினும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். ஒரே அளவுக் கிண்ணத்தைக்கூட இரண்டுக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள். மருந்தைத்தான் தண்ணீரில் விட வேண்டும். மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊரில் பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் போட்டுக் கழுவுகிற சகோதரிகளுக்கும் இதையே சொல்கிறேன்.

வேலிதான் முதல் மருந்து

அமெரிக்காவில் ஒன்றிலிருந்து நான்கு வயது வரையான குழந்தைகளின் இறப்புக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவதுதான். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில், குளத்துக்கு ஐந்தடி வேலி இருக்க வேண்டும் என்பது அரிஸோனா சட்டம். கதவு வெளிப்பக்கமாகத் திறந்து, தானே மூடித் தாழிட்டுக்கொள்ள வேண்டும். இத்தனையும் எங்கள் வீட்டில் இருந்தது. ஒரு நாற்காலியால் அத்தனையையும் வீணாக்கியது நான்! இப்போது அந்தப் பக்கம் நாற்காலியே கிடையாது.

இரண்டு பாடம் கற்றேன். குழந்தையைக் காணோம் என்றால் வீட்டுக்குள் தேடாதீர்கள்; முதலில் தண்ணீரைப் பாருங்கள். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையடிக்கும் ஓசைகூடக் கேட்காது. குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்போது ஒருவர் கண் அவர்கள் மேலேயே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது முறை வைத்து. முறை யாருடையதோ அவர் கையில் ஃபோன் இருக்காது. நானும் நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டேன்!

'எங்க வீட்டில் குளமா இருக்கு, இதெல்லாம் எதற்கு?' என்கிறீர்களா? கீழ்த்தொட்டி இருக்கிறதே, அதன் மூடி சரியாக மூடியிருக்கிறதா? பாத்ரூமில் நிரப்பி வைத்த பக்கெட்? குப்புற விழுந்த குழந்தைக்கு இரண்டு அங்குலத் தண்ணீரே ஆபத்து.

காலையில் காப்பி டம்ளரோடு குளத்தங்கரையில் நிற்கிறேன். வடிகால் மூடி தெரிகிறதா, கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் வாய் காப்பி. அத்தை ஃபோன் செய்தால் முதல் கேள்வி இதுதான்: "அடித்தரை தெரியுதாம்மா?"

"தெரியுது அத்தை" என்கிறேன். இப்போது சிரிப்பதில்லை.